ஆயா பத்து

"ஆயாக்கொட்டகைப் பெண்ணை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பியே தீரவேண்டுமென்றால், பிள்ளைகளைப் பார்க்க மாற்று ஆள் வைத்த பிறகே அனுப்பலாம்." எங்கள் மலாயா ரப்பர் தோட்டத்து ஆபீஸ் சுவரில் வெள்ளைக்காரத் துரை மாட்டிவைத்த பலகையில் ஆறாவது விதி இது. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் ஆயாக்கொட்டகை. ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டார், பலகை ஓடவில்லை. புதிதாக வந்த ஜப்பான் துரைக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால் அதைக் கழற்றவும் தோன்றவில்லை. ரத்து செய்யப்படாத விதி நடப்பில் இருக்கும் விதி. நாற்பது வருடம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து எழுந்தவன் சொல்கிறேன்.

இதெல்லாம் இப்போது ஏன் என்று கேட்பீர்கள். போன வாரம் சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் உள்ள வீட்டில் என் பேரன் ஐஸ்பெட்டியின் மேல்தட்டைத் திறந்து, கல்லாக உறைந்த சாக்லேட்டை எடுத்துக் கடவாயில் வைத்து 'கடக்' என்று உடைத்தான்.

"வெளிய இருக்கிறதத் தின்னா ஆகாதா?"

"ஐசா இருந்தாத்தான் சேடாப் லா, தாத்தா." ருசியாம்.

அந்தச் சத்தத்துக்கு எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து, பல்செட்டுக்காரனின் பொறாமை என்று நினைத்திருப்பான். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது ஜப்பான் துரையின் வாயிலிருந்து.

பங்களாவில் மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி ஒன்று இருந்தது. அடியில் நெருப்பு எரிய, மேலே ஐஸ் கட்டும். இந்த அதிசயத்தை எனக்கு இன்றுவரை யாரும் ஒழுங்காக விளக்கியதில்லை. வெள்ளைக்காரர் அதில் பீர் வைத்தார். ஜப்பான் துரை மிட்டாய் வைத்தார். தோட்டத்தில் நாங்கள் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது, சமையல்கார அந்தோணி குலா மலாக்கா வெல்லத்தைக் காய்ச்சி, தேங்காய்ப் பூவைப் போட்டு, துண்டு துண்டாக வெட்டி அந்தப் பெட்டிக்குள் அடுக்குவார். துரை வராந்தாவில் காலை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உடைப்பார். கடக். கடக். கீழே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிற எங்களுக்கு அது கேட்கும்.

ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்தோணி ஒருநாள் ஒரு துண்டு கொடுத்தார். வாயில் போட்டால் இனிப்பே இல்லை, கூழாங்கல். நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஏமாற்றிவிட்டார் என்று துப்பப் போகிற சமயத்தில், ஓரம் கரைந்து, புகை மணத்தோடு அந்த இனிப்பு மெதுவாக இறங்கியது பாருங்கள்! பாதியைக் கடித்து வாழையிலைக் கிழிசலில் மடித்து, தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு ஓடினேன். அம்மா இலையை நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சுடுதண்ணியாட்டம் இருக்கு. இதுல எங்கடா ஐசு?"

"வர்ற வழியில கரைஞ்சிருச்சும்மா."

"அப்ப நீ வேகமா ஓடல."

பிறகு மண்ணெண்ணெய் தீர்ந்தது. ஐஸ்பெட்டி வெறும் பெட்டியாயிற்று. மிட்டாய் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, பசையாகிவிட்டது. அந்தப் பசையில் ஒரு கட்டியை வாயில் அடைத்துக்கொண்டு துரை காலைப் பெரட்டுக்கு இறங்கி வந்து, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரிய மண்டோர் கருப்பையாவிடம் எதையோ கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் அப்போது கிழங்கு நிறுக்கும் கொட்டகையில் இருந்தேன். இருந்திருக்கவே கூடாது.

துரை கேட்டது மலாயில், 'ஆயேர் பத்து'. தண்ணீர்க் கல், அதாவது ஐஸ்கட்டி. மிட்டாய் ஒட்டிய ஜப்பான் வாயிலிருந்து அது 'ஆயா பத்து' என்று வந்திருக்கிறது. தமிழ்க் காதில் வேறெப்படி விழும்? பத்து ஆயாக்கள் வேண்டுமாம்.

தோட்டத்தில் ஆயாக்கள் இரண்டே பேர். ஆனால் கருப்பையா, கேட்ட கணக்கைக் கொடுத்தே பழக்கப்பட்டவர். மீதி எட்டை லயத்தில் பொறுக்கினார். அதற்குள் ஒரு வதந்தியும் கிளம்பிவிட்டது: ஜப்பான்காரன் பிள்ளைகளெல்லாம் கப்பலில் வந்து இறங்கியிருக்கின்றனவாம், பார்த்துக்கொண்டால் அரிசி தருவார்களாம்.

நான் ஆபீசுக்கு வந்தபோது பத்துப் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி நின்றார்கள். அவர்களில் அம்மாவும் ஒருவர்.

"நீ எங்கம்மா இங்க?"

"சப்பான் புள்ளைக்குத் தாலாட்டுப் பாடப் போறேன். அரிசி குடுப்பான்டா. கெழங்கு தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு."

"ஒம் பாட்டக் கேட்டா அதுக மறுபடியும் கப்பல் ஏறிரும்டி," என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லாரும் சிரித்தார்கள்.

கருப்பையாவைத் தனியே இழுத்துக் கேட்டேன். துரை சொன்னதை அவர் வாயால் இரண்டு தரம் சொல்லக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது.

"மண்டோரய்யா, அவரு கேட்டது ஐசு!"

"வாயில முட்டாய வச்சிக்கிட்டுப் பேசுனா எனக்கெப்புடி தம்பி வெளங்கும்?"

"எங்கம்மாவ ஏன் சேத்தீங்க?"

"கிராணி அம்மாவ விட்டுட்டேன்னு நாளைக்கு நாலு பேரு பேசக்கூடாது பாருங்க."

நியாயமான மனிதர். பங்களாவுக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். துரைக்குப் புரிந்தது, நன்றாகவே புரிந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு வராந்தா ஓரம் வந்து பெண்களை எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. போர்டிக்சன் பக்கம் சி ரூசா கடற்கரையில் உப்புக் காய்ச்சும் கொட்டகைக்கு ஆள் அனுப்பச் சொல்லி மேலிடம் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தது.

"சூடா டாத்தாங்," என்றார். "காசி பிகி." வந்துவிட்டார்கள் அல்லவா, அனுப்பிவிடு.

ஆறாவது விதியைச் சொன்னேன். ஆயாக்கள் போனால் கொட்டகைப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். அவர் அடுத்த பசைக் கட்டியை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

லோரி வந்தது. அம்மா ஏறும்போதும் அரிசியைப் பற்றித்தான் பேசினார். சாயங்காலம் அதே லோரி போர்டிக்சனிலிருந்து திரும்பியது. பெண்கள் உட்கார்ந்து போன பலகையில், மரத்தூளில் புதைத்து, சாக்குச் சுற்றி, ஒரு பாளம் ஐஸ். இருட்டுவதற்குள் வராந்தாவிலிருந்து கடக், கடக் என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. அந்தோணி சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

நான் என்ன செய்தேன்? ஜப்பான்காரர்களின் மேலாபீசுக்கு மனு எழுதினேன். சிரிக்காதீர்கள், எனக்கு அப்போதே அந்த வியாதி. முதல் மனுவில் 'தவறுதலாக அனுப்பப்பட்டவர்கள்' என்று எழுதினேன். துரை தவறு செய்யமாட்டார் என்று திருப்பிவிட்டார்கள். அடுத்ததில் தவறு மண்டோருடையது என்றேன். மண்டோர் துரையின் ஆள், அவர் தவறும் துரையைச் சேரும் என்று அதுவும் திரும்பியது. கடைசியில், தவறு யாருடையதும் அல்ல, 'பத்து' என்ற சொல்லுடையது என்று எழுதினேன். வாங்கிக்கொண்டார்கள். சொல்லைக் கூப்பிட்டு அறைய முடியாதே.

சிரம்பானுக்குப் போய், மேலே போய், இன்னும் மேலே போய் அது எங்கெங்கோ உட்கார்ந்திருந்தது. அந்த இடைவெளியில் லோரிக்காரர் ஒருநாள் வண்டியை அணைக்காமலே இறங்கி வந்து, உப்புக் கொட்டகையில் குளிர்காய்ச்சல் என்றும், அம்மாவை அங்கேயே மணலில் அடக்கிவிட்டார்கள் என்றும் சொல்லி, மடித்த சேலையை என் கையில் வைத்தார். எண்ணெய் வைத்துக்கொண்டு போன நாளில் கட்டியிருந்த சேலை.

அந்தத் தோட்டம் இப்போது வரிசை வீடுகள். பங்களா இருந்த மேட்டை வெட்டிச் சமன்படுத்திவிட்டார்கள். ஆயாக்கொட்டகை, பெரட்டு, மண்டோர் என்றால் பேரன் என் முகத்தைப் பார்க்கிறான். உப்புக் கொட்டகை எங்கே இருந்தது என்று சி ரூசாவில் காட்டித்தரக்கூட ஆளில்லை. அங்கே குடும்பம் குடும்பமாகக் குளிக்கிறார்கள், ஐஸ் வாங்கித் தின்கிறார்கள். தின்னட்டும்.

பதில் வந்ததைச் சொல்லவேண்டும். முத்திரையெல்லாம் ஒழுங்காக இருந்தது. மொழி மரியாதையாகவே இருந்தது. சொல்லின் குழப்பம் கவனிக்கப்பட்டதாகவும், பத்துப் பெண்களும் திருப்பி அனுப்பப்படுவதாகவும் எழுதியிருந்தது. அதைக் கொண்டுவந்த லோரியிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்ததால் நேராக அங்கேதான் வந்தார்கள். அன்று அம்மாவின் பதினாறாம் நாள்.