அரை அங்குலத்துடன் ஆயிரத்துத் தொண்ணூறு கிலோமீட்டர்

காலை 6.00, சிங்கப்பூர். விமானம் மாறத் தங்கிய விடுதியில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு டி-ஷர்ட்டை நீராவி விட்டு இழுத்துத் தேய்த்தது. பெருமாநல்லூரில் எங்கள் யூனிட்டில் தைத்த சாம்பிள் அது. ரோலில் இழுபட்டுக் கிடக்கும் பனியன் துணியைப் பிரித்தால் ஒரு நாள் விரித்துப்போட்டு, சுருங்கி ஆறவிட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். ஆற எனக்கு ஏது நேரம்? கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமியை விரட்டி அன்றைக்கே வெட்ட வைத்தேன். சட்டை நீளத்தில் அரை அங்குலம் குறைந்துவிட்டது. இழுத்துத் தேய்த்தால் அளவு வந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் பழைய வித்தை. சில மணி நேரத்தில் துணி பழையபடி சுருங்கிவிடும் என்பதும் தெரிந்ததுதான்.

பகல் 12 மணிக்கு ஹோ சி மின் நகரில் ஆர்டர் தரும் பையரின் அலுவலகத்தில் அளப்பார்கள். கால் அங்குலம் குறைந்தால் மன்னிப்பு உண்டு, அதற்கு மேல் இல்லை. தேறினால் எட்டு மாத வேலை. தேறாவிட்டால் புதிதாகப் போட்ட மெஷின்கள் சும்மா நிற்கும்.

9.30. டிக்கெட்டில் புறப்பாடு 9.30, வந்துசேர்வது 10.30. வீட்டிலிருந்து கோவை விமான நிலையம் போகிற நேரம்தான் என்று தைரியமாக இருந்தேன். நாலரை வெள்ளிக்கு வாங்கிய காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஏறினேன். சட்டையை மடியில் விரித்திருந்ததைப் பக்கத்து இருக்கையில் இருந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் பார்த்தார்.

"மேல வச்சிடலாமே சார்?"

"இருக்கட்டுங்க. ஒரு மணி நேரந்தானுங்களே."

"ரெண்டு மணி நேரம் சார். ஆயிரத்துத் தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கு. அங்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி, அதான் டிக்கெட்ல அப்படித் தெரியுது."

அப்படியானால் துணி சுருங்க இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல். டேப்பை எடுத்து அளந்தேன். அதற்குள் கால் அங்குலம் போயிருந்தது. முன்னால் திரையில் நகர்ந்த குட்டி விமானத்தைப் பார்ப்பதும் அளப்பதுமாகவே கடலைக் கடந்தேன். வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பாஸ்போர்ட் வரிசையில் நாற்பது நிமிடம். டாக்சி ஓட்டுநரிடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் சிரித்து, முன்னால் அடைத்து நின்ற பைக்குகளைக் காட்டினார்.

12.00. தரம் பார்க்கும் லின் என்ற அம்மாள் சட்டையை மேசையில் விரித்தார். உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். டேப்பை எடுக்கவில்லை.

"தூரத்திலிருந்து வந்திருக்கிறது, கொஞ்சம் கிடக்கட்டும். நீங்கள் தேநீர் குடியுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

அந்த அரை மணி நேரம் முழுப் பயணத்தையும்விட நீளமாக இருந்தது. பிறகு அளந்தார். அரை அங்குலம் குறைவு.

"இழுத்துத் தேய்த்தீர்களா?"

"ஆமாங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. பத்து நாளில் வேறு சாம்பிள் வர வேண்டும், அதுதான் கடைசி என்றார்.

மாலை 5.00. திரும்பும் டிக்கெட்டில் அதே தூரம் மூன்று மணி நேரமாகத் தெரிந்தது. இந்த முறை அவசரப்பட எதுவும் இல்லை. விமானம் ஏறுமுன் ஊருக்குப் போன் செய்தேன்.

"மாஸ்டர், புது ரோல் இருக்குதுங்களா?"

"பிரிச்சே வச்சிருக்கறனுங்க. இப்பவே வெட்டீரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. விரிச்சுப் போடுங்க. நாளைக்கு நான் வந்தப்புறம் வெட்டிக்கலாம்."



"ஏனுங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றார் பழனிச்சாமி.