மஞ்சள் குடித்த ரேடியேட்டர்

ரேடியேட்டர் கடையில் வேலை என்றால், ஊர் வண்டிகளின் சூட்டையெல்லாம் நம் வயிற்றில் வாங்கிக்கொள்வது. முதன்முதலாகத் தனியாக ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும், இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. திருச்சி காட்டூரில் என் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் கடையில் இருக்கிறேன். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

முசிறியிலிருந்து ஒரு சாக்கு மூட்டை

தனலெட்சுமி அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சாக்கில் சுற்றிய ரேடியேட்டரை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். இருபத்தைந்து வருடத்து டிராக்டராம், அவரேதான் ஓட்டுகிறார். வயலில் ஈரம் உழவுக்குப் பதமாக இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் வெயில் அடித்தால் மண் இறுகிவிடும், நாளை காலையில் ரேடியேட்டர் கையில் வேண்டும் என்றார்.

மாமா ஒரு லாரி வேலையில் மாட்டியிருந்தார். "இவன் செய்வான்மா, பி.இ. படிச்சிருக்கான்" என்று என்னைக் காட்டினார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சது இருக்கட்டும்ங்க. இதுக்கு முன்னாடி எதையாவது ஒட்டியிருக்காரா?"

உள்ளே என்ன இருந்தது

நெருப்பைக் காட்டி, ஒட்டியிருந்த ஈயத்தை உருக்கி, மேல் டேங்கைக் கழற்றினேன். உள்ளே இருந்த சன்னமான குழாய்களில் பாதிக்கு மேல் மஞ்சள் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டினால் ஓட்டையை அடைக்கும் என்பது வண்டிக்காரர்களின் கைவைத்தியம். அடைக்கத்தான் செய்யும்; ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது.

தண்ணீர் ஓடினால்தான் சூடு இறங்கும் என்று, வகுப்பில் செமினார் எடுப்பதுபோல ஐந்து நிமிடம் விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒழுகுச்சு, போட்டேன், நின்னுச்சு. திரும்ப ஒழுகுச்சு, திரும்பப் போட்டேன். என்னமோ நான் அதுல சாம்பார் வச்ச மாதிரி பேசறீங்களே தம்பி!"

தொட்டி

ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டை விட்டுச் சேற்றை இடித்து எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் கடை திறந்ததும் கீழ்க்குழாயின் கழுத்தில் இருந்த விரிசலைப் பற்றவைத்தேன். அந்தச் சூட்டில் பக்கத்து ஒட்டும் இளகிவிடக்கூடும். அதற்காக வெளியே இரண்டு ஈரத்துணி, குழாய்க்குள் சுருட்டித் திணித்த ஒன்று, ஆக மூன்று வைப்பது எங்கள் கடை வழக்கம்.

கடைசியில் மேல் டேங்கை மறுபடி ஒட்டி, வாய்களை அடைத்து, காற்றை ஏற்றி, ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினேன். ஒழுகினால் குமிழி வரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. மாமா வந்து குனிந்து, வெகுநேரம் பார்த்தார். எனக்கு அவர் கொடுத்த பட்டம் இதுதான்: "ம். தூக்கி வெளிய வைடா."

காயப்போட்ட துணிகள்

தனலெட்சுமி அம்மா பத்து மணிக்கே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் கை கழுவிவிட்டுத் துணிகளைக் கொடியில் போட்டேன். இரண்டுதான் இருந்தன. கடையைத் தலைகீழாகப் புரட்டினேன். குழாய்க்குள் வைத்த மூன்றாவது துணி முசிறிக்குப் போயிருந்தது. காற்று அதைத் தாண்டிப் போய்விடும் என்பதால் தொட்டியும் காட்டிக்கொடுக்கவில்லை. இஞ்சினை ஓட்டினால் தண்ணீர் சுற்றாது. விடாமல் ஓட்டினால் இஞ்சினே இறுகி நின்றுவிடும்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. பத்து முறை போட்டேன். முசிறிக்கே போகிறேன் என்றதும் மாமா தடுத்தார். "துணி இங்கதான் எங்கயாவது கிடக்கும். நீயா போய் நின்னா, கடை பேரு என்னடா ஆகும்?"

சத்திரத்திலிருந்து முசிறி

மாமா சொன்னதைக் கேட்காமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். உட்கார இடமில்லை. காவிரிப் பாலத்தில் ஒரு முறை போன் போட்டேன். ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெரிந்ததும், பெருமாளிடம் இஞ்சினை ஒப்படைத்துவிட்டு இன்னொரு முறை போட்டேன். குணசீலம் தாண்டியும் அதே வேலைதான்.

கண்டக்டர் என்னைக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறார் போல. "தம்பி, நீங்க எத்தனை தடவை போன் அடிச்சாலும் பஸ்ஸு இந்த வேகத்துலதான் போகும்."

வயல்

விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் பாதி வயலில் நின்றுகொண்டிருந்தது. நல்லவேளை, தனலெட்சுமி அம்மா கெட்டிக்காரர். சூடு காட்டும் முள் ஏறியதும் இஞ்சினை நிறுத்திவிட்டார். பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எதுவுமே சொல்லாமல் சரிசெய்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வாய் திறந்துவிட்டது. "உள்ள துணி இருக்குதும்மா. நான்தான் மறந்து வச்சுட்டேன்."

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கீழ் ஹோஸைக் கழற்றி, கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன். துணி வந்தது. ஹோஸை மாட்டி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததும் அவர் மறுபடி உழ ஆரம்பித்தார். வெயில் தாழ்வதற்குள் வயல் முழுவதையும் உழுது முடித்தார். வண்டி வரப்பருகே திரும்பும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன், முள் நடுவைத் தாண்டவே இல்லை. வரப்பில் நின்ற எனக்கு, பட்டமளிப்பு விழாவில்கூட நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.

வண்டியை நிறுத்தியவர் குனிந்து, நான் ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சொட்டு ஒழுகல தம்பி. ஒட்டு எனக்கு, துணி உங்களுக்கு. எடுத்துட்டுக் கிளம்புங்க."

அடுத்த வாரம்

முசிறியிலிருந்து இன்னொருவர் ரேடியேட்டரோடு வந்தார். மாமா கையை நீட்டியும் அவர் கொடுக்கவில்லை. கடைக்குள் எட்டிப்பார்த்துக் கேட்டார்: "துணிய உள்ள வச்சுட்டு, பஸ் ஏறி வந்து எடுத்துக் கொடுத்தாரே, அவரு இல்லீங்களா? அவருதான் செய்யணும்."

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் துணிகளை மூன்று தடவை எண்ணுகிறேன். பெருமை ஒரு பக்கம் இருந்தாலும், முசிறி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போவதை யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.