மலையில் ஹெலி வந்த மத்தியானம்

எண்பதுகளின் நடுப்பகுதியில் பாரிஸில், லா ஷப்பலில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். நான் ஒரு பிரெஞ்சு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். என் அகதி விண்ணப்பத்தை ஒருமுறை நிராகரித்திருந்தார்கள். ஊரில் உயிருக்குப் பயம் என்று எழுதியதற்கு ஆதாரம் இல்லையாம். பயத்துக்கு யாரிடம் போய் ரசீது வாங்குவது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேன்முறையீட்டு விசாரணைக்கு வேலை தருபவரிடமிருந்து ஒரு நற்சான்றுக் கடிதமாவது கொண்டுவரும்படி சட்டத்தரணி சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பத்ரோன், அதாவது எங்கள் முதலாளி, என்னைக் கூப்பிட்டார். ஓகஸ்ட் விடுமுறைக்கு அவரும் மனைவியும் மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கப்போகிறார்கள். அங்கேயுள்ள தேசியப் பூங்காவுக்குள் நாய்களை விடமாட்டார்கள். அவர்கள் மேலே ஏறி இடம் பார்க்க, நான் கீழே கூடாரத்தில் நாய்களைப் பார்க்கவேண்டும். கடிதத்தை நினைத்து உடனே தலையாட்டினேன்.

அறையில் மூத்தவரான அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “எங்களை வைச்சிருக்கிறதோ கலைக்கிறதோ எண்டு யோசிக்கிற நாட்டிலை, நீ நாய்க்குக் காவலோ? சரி, போ. கடிதம் இல்லாமல் மட்டும் இஞ்சை திரும்பி வராதை.”

“ஓம் அண்ணை” என்றேன்.

நாய்கள் இரண்டு. ஒன்று கறுப்பு, துடியாட்டமான இளசு. மற்றது சப்பை மூக்குக் கிழட்டு புல்டாக். விழித்திருக்கும்போதே குறட்டை விடும். பிள்ளையில்லாத பத்ரோனுக்கு அதுதான் பிள்ளை. பாரிஸிலிருந்து மலைவரை என் பாதத்தில் தலையை வைத்தே தூங்கிக்கொண்டு வந்தது. அதற்கு மூச்சுக் கஷ்டம், வெயிலில் ஓடவிடாதே, கழுத்தை இறுக்காதே என்று மனைவி மூன்று தரம் சொன்னார். என் அரைகுறைப் பிரெஞ்சுக்கும் அது நன்றாக விளங்கியது.

முதல் நாள் பத்ரோன் என்னை ஒரு வளைவுவரை கூட்டிப்போய் மலைகளைக் காட்டினார். கொளுத்தும் வெயிலில் உச்சியெல்லாம் பனி. கீழே பச்சையாக ஓர் ஏரி. அவர் ஒவ்வொரு சிகரத்துக்கும் பெயர் சொல்ல, நான் “அழகு, அழகு” என்றேன். மனதுக்குள் ஓடியது வேறு. அந்தச் சரிவில் ஒரு மரம் இல்லை. ஓடி ஒளிக்க வழியே இல்லாத வெட்டை.

மறுநாள் அவர்கள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மேலே போனார்கள். நான் நாய்களுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கூடார நிழலில் சாய்ந்திருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு இளகிக் கண் சொருகியது. அப்போதுதான் மலைக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

ஹெலி.

ஊரில் மேலே ஹெலி சுற்றினால் கீழே ஆமி வருகிறான் என்று அர்த்தம். பனை வடலிக்குள் பாய்ந்து படுப்போம். கூடவே ஓடிவந்த நாயின் வாயை யாராவது பொத்திப் பிடிப்பார்கள். ஒரு குரைப்புப் போதும், அத்தனை பேரும் பிடிபட. எங்கள் வீட்டு நாய்க்கு அந்த வேலையைச் செய்தவன் நான். அது முதலில் திமிறும், பிறகு பழகிவிட்டது.

கறுப்பு நாய் சத்தம் போடாமல் காருக்குக் கீழே புகுந்துவிட்டது. கிழடு வானத்தைப் பார்த்துக் குரைத்தது. நான் யோசிக்கவில்லை. அதை இழுத்துக் கூடாரத்துக்குப் பக்கத்திலிருந்த பள்ளத்துக்குள் போட்டு, மேலே படுத்து, வாயைப் பொத்தினேன். மூக்கே இல்லாத அந்த முகத்தில் என் கை எல்லாவற்றையும் மூடியது. ஹெலி தலைக்கு மேலே நின்று இரைந்தது. நாய் காலால் என் வயிற்றைப் பிறாண்டியது. நான் இன்னும் இறுக்கினேன்.

சத்தம் போய் எவ்வளவு நேரத்தின் பின் கையை எடுத்தேனோ தெரியாது. நாய் அசையவில்லை. தண்ணீர் தெளித்தேன், நெஞ்சைத் தேய்த்தேன், தமிழில் கெஞ்சினேன். மலையில் காலை முறித்துக்கொண்ட ஒருவரை ஏற்றவந்த ஹெலி அது என்று பிறகு சொன்னார்கள்.

பத்ரோன் இறங்கி வந்தபோது நாய் என் மடியில் கிடந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். பொய் அழுகை இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். உண்மையைச் சொல்லப் பிரெஞ்சு போதாது என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். “இதயம்” என்றேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வயதான நாய், வெயில் வேறு என்று மனைவியும் விம்மினார். பத்ரோன் என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார். எனக்கு நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கறுப்பு நாய் மட்டும் அதன்பின் என்னிடம் வரவில்லை. திரும்பும்போது காரின் மறுபக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டே கிடந்தது.

கேட்காமலே பத்ரோன் கடிதம் தந்தார். விசாரணையில் அதை வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: “என் நாயைக் கடைசி மூச்சுவரை கையில் வைத்திருந்த மனிதர் இவர். இரக்கமுள்ளவர்.” மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் பிறகு தந்த அகதி அட்டையை வைத்துத்தான் இந்த நாட்டில் இன்றுவரை இருக்கிறேன்.

அன்று கடிதத்தை வாசித்து முடிந்ததும் அந்தப் பெண்மணி ஒரு கேள்வி கேட்டார். ஊரைப் பற்றி நீங்கள் சொல்கிற பயத்துக்கு வேறு ஏதும் ஆதாரம் இருக்கிறதா?

என் கையைப் பார்த்துக்கொண்டே, இல்லை என்றேன்.