கிளெனிஸ் பார்த்துக்கொள்ளும் தண்ணீர் வண்டி

கிளெனிஸ் பாஸ்கோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சம்பளம் அதற்குத்தான். ஊர்த் தீயணைப்புக் குழுவின் பழைய தண்ணீர் வண்டியைப் பராமரிப்பதற்குக் கிடைப்பது திட்டு மட்டும்.

ஊரில் எங்காவது தீப்பிடித்தால்தான் அந்த வண்டி கொட்டகையை விட்டு நகரும். சும்மா நிற்கிற எஞ்சினில் ஆயிலெல்லாம் அடியில் வடிந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏறி வருவதற்குள் இரும்பும் இரும்பும் உரசும். அதனால் கிளெனிஸ் டீசலை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிடுவாள். ஆயில் மீட்டரின் முள் எழுந்த பிறகுதான் குமிழை உள்ளே தள்ளுவாள்.

குழுத் தலைவன் லைல் பென்ரோஸுக்கு வேறு வழக்கம். கால்பந்து முடிந்து வீடு திரும்பும் வழியில் கொட்டகைக்குள் நுழைவான், ஸ்டார்ட் செய்வான், நாலு உறுமல் கேட்டுவிட்டு அணைத்துவிடுவான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். வண்டி மேல் வைத்த பாசம் அது.

“ஆஸ்பத்திரில தூங்குறவனை எழுப்பி எழுப்பி நல்லாருக்கியான்னு கேக்குற மாதிரி இருக்கு, லைல். எடுத்தா படகுத்துறை வரைக்கும் ஓட்டு, நல்லா சூடேறட்டும். இல்லன்னா கையை வைக்காத.”

“பெத்த புள்ளைங்களைக்கூட நீ இப்பிடிப் பாத்திருக்க மாட்ட.”

“அதுங்க தானா எந்திரிக்கும்.”

அறுவடை நாள். வடக்குக் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. லைல் பார்லி இறக்க ஊருக்குள் வந்திருந்த நேரம், அவன் வயலில் அறுவடை இயந்திரத்திலிருந்து பொறி பறந்தது. காற்று அவன் வீட்டைப் பார்த்து அடித்தது. அங்கே அவன் மனைவி ரோஸ்லின் தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள்.

லைல் கொட்டகைக்கு ஓடிவந்தபோது கிளெனிஸ் வண்டிக்குள் இருந்தாள்.

“இன்னிக்காவது உன் பூஜைய விட்டுடு. என் வீடு, கிளெனிஸ்.”

“ஏறு.”

சாவியைத் திருப்பினாள். குமிழின் பக்கம் கை போகவே இல்லை. எஞ்சின் உடனே பிடித்தது. நிறைந்த தொட்டியோடு வண்டி வழியிலிருந்த மணல்மேட்டில் தயங்காமல் ஏறியது. லைல் அவளையே பார்த்தான்.

“இந்தக் காத்து வரும்னு நேத்தே வானிலைல சொல்லிட்டான். பஸ்ஸை விட்டுட்டு நேரா இங்கதான் வந்தேன். இப்பத்தான் படகுத்துறை வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், ஆயில் இன்னும் மேலதான் இருக்கு. கண்ணாடிய ஏத்து, புகை வருது.”

பார்லி முழுக்கப் போயிற்று. கோழிக் கொட்டகையும் போயிற்று. வீட்டு வேலியோடு தீ நின்றுவிட்டது. அது நிற்கும்வரை பம்பு ஒரு முறைகூடத் திணறவில்லை.

ரோஸ்லின் கரி படிந்த முகத்தோடு தேநீர் போட உள்ளே போனாள். லைல் வாசற்படியில் உட்கார்ந்தான். “கிளெனிஸ், நான்…” என்று ஆரம்பித்தான்.

“அப்புறம் சொல்லு,” என்றாள் கிளெனிஸ், குழாயை அவன் கையில் திணித்து. “அந்த வேலிக்கம்பம் இன்னும் புகையுது.”