தேன்மொழி கேட்ட கேள்வி

மாஸ்க்கை இறக்காமலே தக்காளி ஏலம் விடுகிறாள் தேன்மொழி. "நல்லா பாருங்க, ஒரு புள்ளி இல்ல! மேல கேளுங்க, மேல!" துணியையும் மீறி அந்தக் குரல் பாலக்கோடு மண்டியின் கடைசி லாரி வரைக்கும் போகும். நடுவில் போனில் அலாரம் அடித்தால் ஏலம் நிற்கும். "இருங்க, எங்கக்கா கிட்னிக்குத் தீனி போட்டுட்டு வந்துடறேன்" என்று மாத்திரையை விழுங்குவாள். யாரும் முணுமுணுப்பதில்லை.

அக்காள் கொடுத்த சிறுநீரகம் வலது அடிவயிற்றில் இருக்கிறது. நாடா அங்கே அழுத்தாமலிருக்கப் பாவாடைக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷமாகியும் கணவன் மாதேஷ் கூடத்தில்தான் படுத்தான். சமைத்துப் போட்டான், துணி துவைத்தான். அவளைத் தொட மட்டும் மாட்டான். மாத்திரையால் அவள் முகம் ஊதி, உதட்டுக்கு மேல் முடி அரும்பியிருந்தது. கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம், 'இந்த மூஞ்சியப் பாத்தா யாருக்கு ஆசை வரும்' என்று நினைத்துக்கொள்வாள். ஊரையே கூவி அழைக்கிறவளுக்கு இதைக் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் சுசித்ரா, "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். மாதேஷ் கிளம்புவதற்கு எழுந்துவிட்டான்.

"ஒக்காருங்க" என்றாள் தேன்மொழி. பிறகு டாக்டரைப் பார்த்து, "எங்க வூட்டுக்காரரு என்னத் தொடறதே இல்லீங்க. நாங்க புருசன் பொண்டாட்டியா இருக்கலாமுங்களா, கூடாதுங்களா?"

மண்டிக் குரல். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "ஆசை இல்லாம இல்லீங்க டாக்டர். என் ஒடம்பு பட்டு அது எடம் நவுந்துடுச்சின்னா? இன்னொரு கிட்னிக்கு எங்கீங்க போறது?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் நகராதுங்க. புண்ணு நல்லா ஆறிடுச்சு, தாராளமா சேர்ந்திருக்கலாம். குழந்தை வேணும்னா முன்னாடியே சொல்லுங்க, சில மாத்திரைய மாத்தணும். அதுவரைக்கும் கருத்தடை வேணும். இத நாங்களே மொதல்ல சொல்லியிருக்கணும்."

திரும்பும் பஸ் தொப்பூர் கணவாயில் வளைந்து ஏறும்போது அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"மூஞ்சி இப்பிடி ஊதிப்போச்சேன்னுதான் ஒதுங்கறீங்கன்னு இருந்தேன்."

"அட கிறுக்கு" என்றான் மாதேஷ். "உன்னப் பாத்துப் பாத்துத்தான் தூக்கமே வரல."

தேன்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள். பிறகு இருவருக்கும் நடுவே இருந்த மருந்துப் பையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.