இன்னும் ஒரு சுற்று

துரைக்கண்ணு மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி திங்கட்கிழமை காலை கைப்பேசியில் வந்தது. செங்கல்பட்டு அலுவலகத்தில் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன். மாமல்லபுரம் ஐஸ் கம்பெனியிலிருந்து எது வந்தாலும் விபத்தோ என்றுதான் முதலில் நினைப்பேன். படித்து முடித்ததும், நல்லவேளை, கேஸ் விபத்து இல்லை என்று ஒரு கணம் ஆறுதலடைந்தேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மீனுக்கு ஐஸ் தயாரிக்கும் எங்கள் கம்பெனியின் கம்ப்ரசர் அறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். உள்ளே நுழையுமுன் கூரைமேல் காக்கை இருக்கிறதா என்று பார்ப்பார். நான் கேலி செய்வேன். ஒருநாள் கூரை காலியாக இருந்தது. என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கண்ணையும் சேர்த்து மூடும் முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒரு குழாய் இணைப்பில், ஐஸை உறையவைக்கும் அமோனியா வாயு கசிந்துகொண்டிருந்தது. பிறகு நான் காக்கைகளைக் கேலி செய்யவில்லை.

அலுவலகத்துக்கு இணையம் வந்த புதிதில், எங்கள் கம்பெனிக்காரர்கள் வேலை அனுபவங்களைக் கதையாகச் சொல்ல இந்த இணையப் பக்கத்தைத் தொடங்கினோம். பொறுப்பு எனக்கு. எல்லோரும் தங்கள் சாமர்த்தியத்தை எழுதினார்கள். துரைக்கண்ணு மட்டும் தன் தவறுகளைத் தாளில் எழுதி அனுப்புவார், நான் தட்டச்சு செய்வேன். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"தப்ப மொதல்ல சொல்லிடணும் மேடம். அப்பதான் படிக்கிறவன் காது குடுப்பான்" என்றார். பேசுவது போலவேதான் எழுதவும் செய்வார்.

ஒருமுறை எண்ணெய் வடிக்கும் கதையை அனுப்பினார். அமோனியா தொட்டியின் அடியில் தங்கும் எண்ணெயை வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். எண்ணெய்க்குப் பின்னாலேயே அமோனியா காத்திருக்கும். "சொட்டுறது நின்னுச்சு. அடைச்சிகினு கீதுன்னு நெனச்சு இன்னும் ஒரு சுத்து தொறந்தேன். குனிஞ்சும் பாத்தேன். பின்னால நின்னவன் சட்டையப் புடிச்சி இழுக்கலன்னா கண்ணு போயிருக்கும்." இப்படி நான்கு பக்கம். படிக்கையில் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்று பயம். மூன்று வரியாகச் சுருக்கினேன். வால்வை மெதுவாகத் திறக்கவும், முகக்கவசம் அணியவும், அருகிலேயே இருக்கவும்.

அவர் திரையைப் பார்த்தார். "நான் பண்ணது எங்க மேடம்? இத்தப் படிச்சா யாருக்கும் பயம் வராதே."

சாரம் இருக்கிறதே என்றேன். அவர் எழுந்து கிளம்பினார்.

அடுத்த மாதம் எங்கள் செய்யூர் கிளையில் அந்தோணி எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தார். என் மூன்று வரிகள் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தன. மெதுவாகத்தான் திறந்தார். அருகிலேயேதான் இருந்தார். சொட்டுவது நின்றது. இன்னும் ஒரு சுற்று திறந்தார். சரியாகத் தெரியவில்லை என்று முகக்கவசத்தைக் கழற்றிக் குனிந்தார். பீறிட்ட அமோனியாவில் இரண்டு கண்களும் போயின.

துரைக்கண்ணு அலுவலகத்துக்கு வந்தபோது, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நான்கு தாள்களைக் கேட்டார். எதிரில் உட்கார்ந்து, ஓர் எழுத்து மாறாமல் தட்டச்சு செய்யவைத்தார். அன்றிலிருந்து அந்தக் கதைதான் நம் பக்கத்தில் முதலில் நிற்கிறது. விபத்துக்குப் பிறகு எழுதியது என்றே எல்லோரும் நினைத்தீர்கள். அவர் கடைசிவரை யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு அந்தோணி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். என் குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார்.

"அண்ணாத்த அந்தக் கதைய ஒரு மாசம் முன்னாடி எழுதியிருந்தா என் கண்ணு இருந்திருக்கும், இல்ல மேடம்?"

ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

துரைக்கண்ணுவிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்த நான்கு தாள்களும், தப்பை முதலில் சொல்ல வேண்டும் என்ற பேச்சும்தான். அதையும் கடைசியில்தான் செய்கிறேன். இந்தப் பக்கத்தில் வருவதையெல்லாம் அந்தோணிக்கு அவர் மனைவி படித்துக் காட்டுவார் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

அந்தோணி, அவர் முன்பே எழுதிவிட்டார். வெட்டியது நான்.