பதர் என்று சொன்ன சேதி

அருள்மேரி அக்கா மறைந்த செய்தி எனக்குச் சனிக்கிழமை மாலைதான் தெரிந்தது. உயிர் பிரிந்தது ஞாயிறன்று, நல்லடக்கம் திங்களன்று. அத்தனை நாளும் அந்தச் செய்தி என் கைப்பேசிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. எங்கள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் மகன் போட்டிருந்தார். அந்தக் குழுவை நான் மியூட்டில் வைத்திருந்தேன். வைக்கச் சொன்னவரே அக்காதான்.

கரிக்கலாம்பாக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து கணினிப் பயிற்சி மையம் தொடங்கிய புதிதில் நான் போனும் கையுமாகவே அலைவேன். புதுச் செயலி, புது மென்பொருள் என்று எதைத் தவறவிட்டாலும் பிள்ளைகள் வில்லியனூர் மையங்களுக்குப் போய்விடுவார்கள் என்று பயம். ஒருநாள் பாடத்தின் நடுவே செய்தி பார்த்துக்கொண்டிருந்த என் கையிலிருந்து அக்கா போனைப் பிடுங்கினார். உறுவையாறு கிராமத்துக் களத்தில் நெல் தூற்றிய குடும்பம் அவருடையது. பேச்சும் அப்படித்தான் வரும்.

"இன்னாடி, வந்து வுழுறதெல்லாம் நெல்லா? பாதிக்கு மேல பதருடி. எல்லா குரூப்பையும் மியூட்ல போடு. சனிக்கிழம தொறந்து பாப்போம். ஒரு வாரம் நின்னா நெல்லு, பறந்துட்டா பதரு."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் வகுப்பு முடிந்ததும் டீயும் மசால்வடையுமாக உட்கார்ந்து குழுக்களைத் திறப்போம். உலகத்தையே புரட்டிப்போட வந்த பல செய்திகள் அதற்குள் ஊர் பேர் தெரியாமல் போயிருக்கும். "பதரு" என்று அக்கா விரலால் தள்ளிவிடுவார். இனி எல்லாவற்றையும் ஏஐ செய்துவிடும், கணினி வகுப்பே வீண் என்று ஊரெல்லாம் பேசியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா அப்போதும் காத்திருந்தார். பேச்சு ஓயாததைப் பார்த்து, "இது நெல்லுதாண்டி, குத்தித்தான் ஆவணும்" என்று அதையே ஒரு பாடமாக்கினார். இன்று எங்கள் மையத்தில் அந்த வகுப்புக்குத்தான் கூட்டம்.

சென்ற மாதம், மூச்சு வாங்குகிறது என்று வருவதை நிறுத்தினார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று போனில் கேட்டேன்.

"அதுவா? பதருடி, வுடு. நீ கிளாஸப் பாரு."

விட்டுவிட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் அன்றே பஸ் ஏறியிருப்பேன். அந்த வாயிலிருந்து வந்த அந்தச் சொல் அதுவரை பொய்த்ததே இல்லை.

ஏன் எனக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று அவர் மகனிடம் கத்தினேன். "குரூப்புல போட்டனே அக்கா. நீங்க பாத்துருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று அழுதார். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னது அக்காவுக்குத் தெரியுமாம். "அவகிட்ட சொல்லாதப்பா, கிளாஸ வுட்டுட்டு ஓடியாந்துடுவா" என்றாராம்.

நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள் அக்கா. ஓடி வந்திருப்பேன்தான். வந்தால் என்ன? கடைசியாக ஒருமுறை உங்கள் முகத்தைப் பார்ப்பதைவிடவா வகுப்பு பெரிது? இந்தக் கோபம் எனக்கு இப்போதைக்கு ஆறாது.

ஞாயிறு காலை உறுவையாற்றுக் கல்லறைக்குப் போனேன். மாலைகள் காய்ந்து கிடந்தன. குழுவை மறுபடி திறந்தேன். உங்கள் படத்துக்குக் கீழே புது போன் விளம்பரமும் காலை வணக்கங்களும் வந்து குவிந்திருந்தன.

நீங்கள் போய் இன்றோடு ஒரு வாரம். உங்கள் சேதி அப்படியே நிற்கிறது. போய் வாருங்கள், அக்கா.